வட்டியில்லாத கடன்

“அவசர நிதி, அவசர நிதின்னு மாடிப்படி முழுக்கப் பாடம் நடத்துவீங்களே தம்பி! எங்க வண்டி நடுரோட்டுல செத்துக் கெடக்கு. இது அவசரம் இல்லாம வேற என்ன?”

“அவசரம்தான்க்கா. யாரு இல்லேன்னா? ஆனா அது உங்க அவசரம்.”

“கேட்டீங்களா? காதுல விழுந்துச்சா? நம்ம அவசரமாம்!”

“அண்ணி, கொஞ்சம் மெதுவா…”

“எதுக்கு மெதுவா? கதவு தொறந்துதானே இருக்கு. எல்லாரும் கேக்கட்டும்!”

கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். மூன்றாவது மாடியில் நான்கு வீடுகள், நான்கு வீட்டுக்கும் ஒரே நடைபாதை. கொடியில் எப்போதோ காய்ந்து மொடமொடவென்று கிடந்த துணிகளை நான் மறுபடியும் உதறிப் போட்டுக்கொண்டிருந்தேன். கோடி வீட்டுத் தபால்காரர் ரப்பர் செருப்புக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

கத்தியவள் வேன்காரரின் மனைவி. மெதுவாகப் பேசச் சொல்லிக் கெஞ்சியவள் வேன்காரரின் தங்கை, என் எதிர்வீட்டுக்காரி. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. அதனால் மாடியில் அவளுக்கு எக்ஸ்ரே என்றே பெயர். ‘உங்க அவசரம்’ என்று பிரித்துக் கொடுத்தவர் அவள் கணவர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சதவீதம். லிஃப்ட் நின்றால் நாங்கள் எல்லாரும் திட்டுவோம். அவர் மட்டும், இந்த வருஷத்தில் எத்தனை சதவீதம் ஓடவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் படியேறுவார்.

வேன்காரர் வீட்டுக்குள்ளேயே போகவில்லை. டீசல் கறை படிந்த பேன்ட்டோடு சோபாவில் உட்காரக் கூடாதென்று, வாசலில் செருப்பு வைக்கும் பலகையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கொடுத்த பணத்தைக் கேட்க வந்தவர் மாதிரியே இல்லை. மீட்டர் படிக்க வந்தவர், வீட்டில் ஆள் வரட்டும் என்று காத்திருப்பது போல இருந்தார்.

விஷயம் இதுதான். எக்ஸ்ரேயும் சதவீதமும், மகள் கைக்குழந்தையாக இருந்தபோது இந்த வீட்டை வாங்கினார்கள். வங்கி கொடுத்தது போக, கையிலிருந்து போட வேண்டிய பங்கில் பெரிய துண்டு விழுந்தது. அப்போது வேன்காரரிடம் இரண்டு வேன்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஒப்பந்தம். ஒன்று ஓடும், ஒன்று மாற்றுக்கு நிற்கும். அந்த மாற்று வேனைத்தான் விற்றுத் தங்கை கையில் கொடுத்தார். எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. வட்டி எவ்வளவு என்று சதவீதம் கேட்டாராம். “தங்கச்சிகிட்ட வட்டி வாங்கிட்டு நான் எந்த மூஞ்சியோட கண்ணாடி பாக்கறது மாப்ள? முடியும்போது குடுங்க” என்றாராம் அண்ணன். இதை எக்ஸ்ரே எத்தனையோ தடவை என்னிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். கேட்கும்போதெல்லாம் எனக்கு என் அண்ணன்மார் மீது கோபம் வரும்.

அந்த ‘முடியும்போது’ மகளுக்குப் பத்தாம் வகுப்பு வந்தும் வரவில்லை.

சதவீதத்தை ஏமாற்றுக்காரர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். மனிதர் ஒரு காசுக்கு ஆசைப்படமாட்டார். மருந்து மொத்த வியாபாரக் கிடங்கில் சரக்கு மேற்பார்வை. அங்கே ஒரு முறை உண்டு: காலாவதித் தேதி நெருங்கிய பெட்டி முன் அடுக்கில், தள்ளியிருப்பது பின் அடுக்கில். முன்னால் இருப்பதுதான் முதலில் வெளியே போகும். பதினைந்து இருபது வருஷம் பெட்டி அடுக்கி அடுக்கி, வீட்டையும் அப்படியே அடுக்கிவிட்டார். கிரெடிட் கார்டுக் கடன், வட்டி அதிகம், முன் வரிசை. வண்டிக் கடன் அதற்குப் பின்னால். வீட்டுக் கடன் அதற்கும் பின்னால். மைத்துனர் கொடுத்ததற்கு வட்டியும் இல்லை, தேதியும் இல்லை. அது கிடங்கின் கடைசிச் சுவரோரம் போய்விட்டது.

இதோடு இன்னும் இரண்டு உண்டு. ஒன்று அவசர நிதி. ஆறு மாதச் செலவு, தனிக் கணக்கில். இன்னொன்று மகளின் மேல்படிப்புக்கு மாதாமாதம் போடும் முதலீடு. சும்மா சொல்லக் கூடாது, கிடங்கு ஒருமுறை தீப்பிடித்து மூன்று மாதம் மூடிக் கிடந்தபோது மற்ற மேற்பார்வையாளர்கள் வீடு வீடாகக் கைமாற்றுக்கு அலைந்தார்கள். எதிர்வீட்டில் அடுப்பு ஒருநாள்கூட அணையவில்லை. அன்றிலிருந்துதான் அந்தக் கணக்கு அவருக்குத் தொடக்கூடாத பொருள் ஆயிற்று. எக்ஸ்ரேவுக்குக் கடைவாய்ப் பல் உயிர் போகிற மாதிரி வலித்தபோதுகூட, “பல்லுவலி முன்கூட்டியே தெரியற செலவு, அவசரத்துல சேராது” என்று அடுத்த சம்பளம் வரைக்கும் வலி மாத்திரை கொண்டுவந்து கொடுத்தார். கிடங்கு விலையில்.

இப்போது வேன்காரரின் ஒரே வேன் என்ஜின் ஜாமாகி நின்றுவிட்டது. வேறு என்ஜின்தான் மாற்ற வேண்டும் என்று பட்டறையில் சொல்லிவிட்டார்கள். பள்ளிக்கூடம் திறக்கிற அன்று வண்டி வாசலில் நிற்காவிட்டால் ஒப்பந்தம் வேறு ஆளுக்கு. பள்ளி அலுவலகத்தில் அதையும் சொல்லிவிட்டார்கள். விடுமுறை முடிய மூன்று வாரம்கூட இல்லை.

“நான் குடுக்க மாட்டேன்னு சொல்லவே இல்லையே மச்சான்” என்றார் சதவீதம். குரல் உயர்ந்திருந்தாலும் கிடங்கில் விளக்கம் சொல்கிற தோரணை மாறவில்லை. “நாலு மாசம் பொறுங்க. மார்க்கெட் எறங்கிக் கெடக்கு. இப்ப முதலீட்டை வித்தா பன்னெண்டு சதவீதம் கைநஷ்டம். ஏறினதும் வித்து, மொத்தத்தையும் ஒரே தடவையா குடுத்துடறேன்.”

“பள்ளிக்கூடம் மார்க்கெட் பாத்துத் தொறக்காதே மாப்ள” என்றார் வேன்காரர்.

கேலியே இல்லாமல்தான் சொன்னார். ஆனாலும் தபால்காரருக்குச் சிரிப்பு வந்து, இருமலாக மாற்றிக்கொண்டார்.

“அப்ப அந்த ஆறு மாசப் பணம்?” இது எக்ஸ்ரே. “அது சும்மாத்தானே கெடக்கு?”

“சும்மா கெடக்கறதுதான் அதோட வேலை! நாளைக்கு எனக்கு வேல போச்சுன்னா? உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா? எல்லாக் கடனுக்கும் ஒரு வரிசை இருக்கு. வட்டி ஓடறது முன்னால, ஓடாதது பின்னால. இதுல கோவிச்சுக்க என்ன இருக்கு?”

“எங்க அண்ணன் என்ன, எக்ஸ்பைரி போடாத மாத்திரையா? பின்னாடி தள்ளி வைக்க?”

“வட்டி வாங்கியிருந்தா நாமளும் முன் வரிசையில நின்னிருப்போம்” என்றாள் அண்ணி, புருஷனைப் பார்த்து. “பாசத்துக்கு ரேட்டு போடாம விட்டீங்க பாருங்க, அதான் தப்பு.”

“விடு. கேட்டுப் பாக்கலாம்னுதானே வந்தோம்.” வேன்காரர் எழுந்து, பலகையில் தன் கறை ஒட்டியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

அப்படியே விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சதவீதத்துக்கு வாய் சும்மா இருக்கவில்லை. ஆறுதலாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு சொன்னார்: “தப்பா நெனைக்காதீங்க மச்சான், உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். தொழில்னு ஒண்ணு நடத்தறவங்க இப்படி ஒரு நாளுக்குன்னு கொஞ்சம் ஒதுக்கி வச்சிருக்கணும்.”

நான் உதறிய தலையணை உறை அப்படியே கையில் நின்றது.

“வச்சிருந்தோமே தம்பி” என்றாள் அண்ணி. இந்த முறை அவள் கத்தவில்லை. “மாத்து வண்டின்னு ஒண்ணு வச்சிருந்தோம். அதுலதான் இப்ப நீங்க குடியிருக்கீங்க.”

இருவரும் படியிறங்கினார்கள். லிஃப்ட் அன்று நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது, அதைக் கவனிக்கவில்லை. எக்ஸ்ரே பின்னாலேயே ஓடினாள், இரண்டாவது மாடி வரைக்கும். திரும்பி வரும்போது என்னைப் பார்த்தாள். நான் துணியைப் பார்த்தேன்.

எங்கள் இரண்டு வீட்டுச் சமையலறை ஜன்னலும் ஒரே காற்றுப் பொந்தைப் பார்த்திருக்கும். கட்டியவன் செய்த உபகாரம். மறுநாள் காலை டிபன் நேரத்துக்கு அங்கிருந்து வந்தது இது:

“முதலீட்டுல பாதி என் பேர்ல இருக்குன்னு சொல்வீங்கள்ல? அதை வித்துக் குடுங்க. நஷ்டம் என்னோடதா இருக்கட்டும்.”

“பேரு உன்னுதுதான். ஆனா அது பாப்பா படிப்பு. உங்க அண்ணனுக்காகப் பாப்பா படிப்புல கை வைப்பியா?”

“நானே வித்துக்கறேன். எப்படின்னு சொல்லுங்க.”

“ஓ.டி.பி. என் நம்பருக்குத்தான் வரும்.”

“என் பணத்துக்கு உங்க நம்பரா?”

“நீதானே சொன்ன? ‘இதெல்லாம் எனக்குத் தலைவலி, நீங்களே பாத்துக்கங்க’ன்னு?”

அது உண்மை. அவள் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன், அதே ஜன்னல் வழியாக. பதிலுக்கு ஒரு பாத்திரம் விழுகிற சத்தம் மட்டும் வந்தது. மகள், “ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்களேன், என் படிப்பை நடுவுல இழுக்காதீங்க” என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு டியூஷனுக்குப் போனாள்.

அந்த வாரம் எக்ஸ்ரே என் கதவைத் தட்டினாள். “கடைத்தெரு வரைக்கும் வர்றீங்களாக்கா?” என்றாள். கை இரண்டிலும் முழுக்கைச் சட்டை, அந்த வெயிலில். எதற்கு என்று கேட்காமலே எனக்குப் புரிந்தது. கேட்கவும் செய்தேன், அவள் வாயால் கேட்க வேண்டாமா?

நகைக்கடன் கொடுக்கும் இடம் குளிரூட்டப்பட்ட கண்ணாடி அறை. உள்ளே இருந்த பையன் மாதிரித் தெரிந்த மேலாளர் நான்கு வளையல்களையும் கல்லில் உரசி, அமிலச் சொட்டு விட்டு, எடை போட்டு, பதித்திருந்த கல்லுக்குக் கழித்து, ஒரு தொகையைத் திரையில் காட்டினார். அண்ணனுக்கு வேண்டியதில் பாதி.

“இன்னும் கொஞ்சம் சேத்துப் போட முடியாதா?” என்றாள்.

“சங்கிலி இருக்கே மேடம்” என்றார் மேலாளர், அவள் கழுத்தைப் பார்த்து.

சங்கிலிக்குக் கை போய்விட்டுத் திரும்பி வந்தது. அதைக் கழற்றினால் வீட்டுக்குள் நுழைந்ததுமே தெரிந்துவிடும். வளையல் இல்லாததை முழுக்கைக்குள் மறைக்கலாம். நானும் ‘வேண்டாம்’ என்றுதான் தலையாட்டினேன். நம் வீட்டு நகையா என்ன, தாராளமாக யோசனை சொல்ல.

பாதிப் பணத்தை அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். எங்கிருந்து வந்தது என்று அண்ணன் கேட்டதற்கு, மாப்பிள்ளைதான் கொடுத்தனுப்பினார் என்று ஒரு பொய். அந்த மனிதர் நம்பி, மாப்பிள்ளைக்கு நன்றி சொல்லச் சொன்னாராம். மீதிப் பாதிக்கு வேறு வழியில்லாமல் தினவட்டிக்காரரிடம் போனார் வேன்காரர். காலையில் கொடுப்பார்கள், மறுநாள் காலையிலிருந்து தினமும் வசூல். ஈட்டுக்கு வண்டியின் பதிவுச் சான்று.

இதற்கெல்லாம் அலைந்து பணம் திரட்டி முடிப்பதற்குள், பட்டறையில் அவருக்கென்று எடுத்து வைத்திருந்த என்ஜினை வேறொருவர் தூக்கிப் போய்விட்டார். அடுத்தது வெளியூரிலிருந்து வர வேண்டியதாயிற்று. வந்தது, மாட்டினார்கள், வண்டி புதுசு மாதிரி உறுமியது. பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. பிள்ளைகள் வேறு ஆளின் பேருந்தில் ஏறிப் போய்க்கொண்டிருந்தார்கள். வேன்காரர் பள்ளி வாசலில் போய்க் கொஞ்ச நேரம் வண்டியை நிறுத்திப் பார்த்தாராம். ஒரு சின்னப் பெண் மட்டும் பழக்க தோஷத்தில் ஓடிவந்து கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துவிட்டாளாம். இறக்கி, அந்தப் பேருந்தில் ஏற்றி விட்டுவிட்டு வந்தாராம். இதைச் சொல்லும்போது எக்ஸ்ரே அழவில்லை. எனக்குத்தான் மூக்கை உறிஞ்ச வேண்டியிருந்தது.

வளையல் விஷயம் ரொம்ப நாள் மறையவில்லை. நகைக்கடன் நிறுவனம் மரியாதையாக ஒரு குறுஞ்செய்தி அனுப்பியது, முதல் மாத வட்டி நினைவூட்டல். எந்த எண்ணுக்கு? எக்ஸ்ரே பழக்கத்தில் படிவத்தில் எழுதிக் கொடுத்தது புருஷன் எண்ணைத்தான். அதை அவள் எழுதியபோது பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் தோன்றவில்லை பாருங்கள்.

சதவீதம் அடிப்பார், உடைப்பார் என்று நாங்கள் எதிர்பார்த்துக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். அவர் இடிந்துபோனார். நிஜமாகவே கண் கலங்கிப் போயிருந்தது.

“வட்டியில்லாத கடனை அடைக்க வட்டிக்கு வாங்கியிருக்கியே! உலகத்துல யாராவது இப்படிச் செய்வாங்களா? என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே!”

“கேட்டேனே.”

“வளையலை வைக்கப்போறேன்னு கேட்டியா?”

மறுநாள் கிடங்குக்கு விடுப்புச் சொல்லிவிட்டு நேரே வங்கிக்குப் போனார். தொடக்கூடாத அந்த ஆறு மாதக் கணக்கைத் தொட்டார். நகைக்கடனை அசலும் வட்டியுமாக அடைத்து வளையல்களை மீட்டார்.

“இப்ப மட்டும் இது அவசரமா?” என்று ஜன்னல் வழியே கேட்டது.

“வட்டி ஓடுதே!” என்று பதில் வந்தது.

சத்தியமாக, அவருக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. வட்டி ஓடினால் முன் வரிசை. தினவட்டியும் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் அது மச்சானுக்கு ஓடிய வட்டி. மீட்ட வளையல்கள் வீட்டுக்கு வரவில்லை. வங்கிப் பெட்டகத்துக்குப் போயின. சாவி சதவீதத்தின் கொத்தில். மறுபடியும் அடகுக் கடைக்கு வழி இல்லை.

ஒப்பந்தம் இல்லாத வேன் வாடகைக்கு ஓடியது, ஓடாமலும் நின்றது. வசூல்காரர் மட்டும் ஒருநாளும் நிற்கவில்லை. மழைக்காலம் தொடங்குவதற்குள் வேன், புது என்ஜினோடு, தினவட்டிக்காரர் வீட்டு வாசலுக்குப் போய்விட்டது.

அதற்குப் பிறகு மார்க்கெட் ஏறியது. சதவீதம் சொன்னபடியேதான் ஏறியது. நாலு மாதம் என்றது ஐந்து மாதம் ஆயிற்று, அவ்வளவுதான். சொன்ன சொல் தவறாமல் விற்று, வளையல் பணம் போக மச்சானுக்கு வர வேண்டிய மீதியை, சில்லறை வரைக்கும், கணக்கில் போட்டார். ‘பாக்கி பைசல். மிக்க நன்றி மச்சான்’ என்று ஒரு செய்தியும் போட்டார். அந்தப் பக்கத்திலிருந்து கும்பிடும் கைப் படம் ஒன்று வந்தது. அதைப் படிக்கட்டில் எங்கள் எல்லாருக்கும் காட்டினார். “பாருங்க, மச்சானுக்கு மனசுல ஒண்ணுமே இல்ல. கொஞ்சம் பொறுத்தா யாருக்கும் நஷ்டம் இல்லன்னு அன்னிக்கே சொன்னேன்.”

“அந்தக் கையைப் போட்டது அண்ணன் இல்ல” என்றாள் எக்ஸ்ரே, பின்னாலிருந்து. “அண்ணி. அண்ணன் போனையே தொடறதில்ல.”

சதவீதம் அதையும் நல்ல செய்தியாகத்தான் எடுத்துக்கொண்டார். அண்ணிக்கும் கோபம் இல்லையாமே.

வேன்காரர் ஊரை விட்டுப் போய்விட்டார். துறைமுகம் இருக்கிற ஊரில் ஒரு கம்பெனிக்கு லாரி ஓட்டுகிறார். சொந்த வண்டியில் ஏசியும் பாட்டுமாக ஓட்டிய மனிதர், இப்போது இன்னொருவர் வண்டியில், சரக்கு எங்கே போகச் சொல்கிறதோ அங்கே. அண்ணி ஒரு விடுதியில் சமையல் வேலைக்குப் போகிறாள். மகன் கல்லூரியை நடுவில் நிறுத்திவிட்டு அப்பாவோடு கிளீனராகச் சேர்ந்து, அங்கேயே ஒரு பட்டறைக்காரர் மகளைக் கல்யாணம் செய்துகொண்டான். எங்கள் மாடிக்கு அழைப்பு வரவில்லை. எதிர்வீட்டுக்கு வந்தது, எக்ஸ்ரே பெயர் மட்டும் எழுதி.

அவள் போனாள், மகளையும் கூட்டிக்கொண்டு. திரும்பி வந்ததும் சம்பளக் கணக்கை மாற்றினாள், அதிலிருந்த புருஷனின் போன் எண்ணையும் மாற்றினாள். வீட்டுச் செலவில் பாதியைச் சரியாக எண்ணிக் கொடுத்தாள். இது ரொம்ப நல்ல ஏற்பாடு, கணக்கு தெளிவாக இருக்கிறது என்று சதவீதம் என்னிடமே சொன்னார். மகள் பள்ளிப்படிப்பு முடித்ததும் படிப்புப் பணம் முழுசாக எடுத்துக் கட்டினார், முகம் சுளிக்காமல், அதற்கென்று போட்டதுதானே. மகள் வெளியூர் விடுதிக்குப் போன அதே மாதம் எக்ஸ்ரேயும் ஆஸ்பத்திரியில் மாற்றல் கேட்டு வாங்கினாள். “ஆறு மாசம்தான்க்கா, ஆள் பத்தலையாம்” என்றாள் என்னிடம். துறைமுக ஊர்க் கிளை என்று நான் விசாரித்துத் தெரிந்துகொள்ள ஒரு நாள்கூட ஆகவில்லை.

அவள் போன பிறகு சதவீதம் வீட்டுக் கடனைக் கெடுவுக்கு முன்பே முடித்தார். மாடி முழுக்கச் சாக்லெட் கொடுத்தார். தபால்காரர் இரண்டு எடுத்துக்கொண்டு, “இனிமே வரிசையில யாரும் இல்லையே?” என்று கேட்டார். “ஒருத்தரும் இல்ல!” என்று சிரித்தார் மனிதர்.

மகள் படித்து முடித்து, கூட வேலை பார்க்கிற பையனைப் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டு கடல் தாண்டிப் போய்விட்டாள். கல்யாணத்துக்கு அப்பா போய் வாழ்த்திவிட்டு அன்றே திரும்பினார், அறை வாடகை அதிகமாம். எக்ஸ்ரே திரும்பவில்லை. அண்ணன் வீட்டிலேயே பின்பக்க அறையில் இருக்கிறாள். வாடகைப் பேச்சு எடுத்தால் அண்ணன் எழுந்து வெளியே போய்விடுகிறாராம். அவளும் விடுவதில்லை. சம்பளம் வந்த அன்றே, வேறு எதற்கும் எடுப்பதற்கு முன்னால், அண்ணி கையில் கொடுத்துவிடுகிறாளாம். அண்ணி எண்ணி வாங்கி வைத்துக்கொள்கிறாளாம்.